மாதா எனக்கு ஒரு அடையாளமும் காட்டல, ஆனாலும் மடத்துக்கு வந்து சேந்துட்டேன்

மடத்துக்கு வரணும்னு ஆசைப்படற பொண்ணுங்களும், பாதிரியார் ஆக குருமடத்துக்குப் போகலாமான்னு யோசிக்கற பசங்களும் எங்கிட்ட பேச வந்தா சுத்திச் சுத்தி ஒரே கேள்விக்குத்தான் வருவாங்க. "சிஸ்டர், நீங்க மாதாகிட்ட என்ன நவநாள் சொன்னீங்க, எத்தன நாள்ல கேட்டது கெடச்சுது?" (நவநாள்னா ஒரு வேண்டுதலுக்காக இத்தன நாள்னு வெச்சு விடாம சொல்ற ஜெபம்.) நான் சொல்ற பதில் அவங்களுக்கு சப்புன்னு இருக்கும். எனக்கு கனவு வரல, காட்சி வரல, கேட்ட கலர்ல ரோஜாப்பூ எதுவும் கைக்கு வந்து சேரல. ஜெபமாலை சொன்னேன், காத்துட்டு இருந்தேன், நடுவுல செய்ய வேண்டிய வேலைய செஞ்சேன், ஒரு எடத்துல வேண்டாம்னாங்க, இன்னொரு எடத்துல வந்து பாருன்னாங்க. இப்ப தற்காலிக வார்த்தைப்பாட்டுல (சில வருஷத்துக்கு மட்டும் குடுக்கற துறவற வாக்கு) இருக்கேன், நித்திய வார்த்தைப்பாடு (சாகற வரைக்கும் குடுக்கறது) இன்னும் பாக்கி. அதனால இது ஜெயிச்சு முடிச்சவ கதை இல்ல, பாதி வழியில நிக்கறவ எழுதறதுன்னு வெச்சுக்கோங்க.

ஆசை காலேஜ் படிக்கும்போதே வந்துடுச்சு. ஆனா வந்த உடனே கெளம்பற மாதிரி வீட்டு நெலம இல்ல, படிப்புக்கு வாங்கின லோன் என் பேர்ல இருந்துச்சு, தம்பி அப்ப ஸ்கூல்ல இருந்தான். வேலைக்குப் போனேன், கடன் அடைய சில வருஷம் ஆச்சு. இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன், நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. திருச்சபைச் சட்டத்துலயே, அதாவது 1983ல வந்த சட்டத் தொகுப்புல, கட்ட முடியாத கடன் இருக்கறவங்கள நவசந்நியாசத்துல (வார்த்தைப்பாட்டுக்கு முன்னாடி வர்ற பயிற்சிக் காலம்) சேக்கக் கூடாதுன்னு 644ஆம் விதி சொல்லுது. அப்ப நான் ஆபீஸ்ல உக்காந்து மாசாமாசம் தவணை கட்டிட்டு இருந்தது அழைத்தலுக்கு (கடவுள் துறவறத்துக்குக் கூப்பிடறதுக்கு) வந்த தடங்கல் இல்ல, அழைத்தலுக்கான வேலையே அதுதான். "மாதாவே எப்பம்மா கூப்பிடுவீங்க"ன்னு கேட்டுட்டே கடன் தவணைய தள்ளிப் போடறவங்கள பாத்திருக்கேன், ரெண்டும் ஒண்ணா போகாது.

கடன் முடிஞ்சதும் ஒரு கன்னியர் சபைக்கு எழுதினேன். கூப்பிட்டாங்க, தங்க வெச்சாங்க, பேசினாங்க, மெடிக்கல் ரிப்போர்ட் பாத்தாங்க. எனக்கு சின்ன வயசுலருந்து ஆஸ்துமா. அவங்க பணி செய்யற எடங்களுக்கு என் உடம்பு தாங்காதுன்னு அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா வேண்டாம்னுதான் சொன்னாங்க. திரும்பி வந்து, வேலைய விட்டுட்டுப் போறேன்னு சொன்ன அதே ஆபீஸ்ல மறுபடி போய் உக்காந்தேன். பாக்கறவங்க எல்லாரும் "என்னாச்சு?"ன்னு கேப்பாங்க. அந்த மாசங்கள்ல நான் மாதாவ விட்டுடல, ஆனா மாதாகிட்ட பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மணிய உருட்டிட்டு இருந்தேன், அவ்ளோதான்.

அப்பதான் இயேசு தண்ணிய திராட்சை இரசமா மாத்தின கானாவூர் கல்யாணம் மனசுல ஒட்டுச்சு. ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கற இயேசு, மாதா வாழ்க்கைக் காட்சிகளத்தான் மறைபொருள்னு சொல்லுவோம். வியாழக்கிழமைல சொல்ற ஒளியின் மறைபொருள்ல அது ரெண்டாவது, 2002ல பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அந்த அஞ்சு மறைபொருளயும் சேத்தாரு. பல வருஷமா சொல்லிட்டு வந்த காட்சிதான். அன்னைக்கு அந்தத் தாய் என்ன பேசினாங்கன்னு மட்டும் கவனிச்சேன். மகன்கிட்ட சொன்னது ஒரே ஒரு வரி, "திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது." அவ்வளவுதான். என்ன செய்யணும், எங்க வாங்கணும், எத்தன மணிக்குள்ள வரணும், ஒண்ணுமே சொல்லல. மகனும் உடனே சரிங்கல, "எனது நேரம் இன்னும் வரவில்லையே"ன்னுதான் பதில் வருது. அதக் கேட்டும் அவங்க கெஞ்சல, கோச்சுக்கல, திரும்பிப் பணியாளர்கள்கிட்ட, "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்"னு சொல்லிட்டு ஒதுங்கிடறாங்க. யோவான் நற்செய்தி 2ஆம் அதிகாரம், மறுபடி எடுத்துப் படிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் அந்தக் கதைல அவங்க வாயே திறக்கல.

நான் அதுவரைக்கும் மாதாகிட்ட கேட்டது பெரிய லிஸ்ட். இந்த சபை, இந்த வருஷம், அப்பா சம்மதம், உடம்பு சரியாகணும். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அம்மாகிட்ட கேக்காம யார்கிட்ட கேப்போம். ஆனா அன்னைலருந்து ஒரு வரியா மாத்திக்கிட்டேன். "மாதாவே, எனக்குக் கதவு தெரியல, உங்க மகன்கிட்ட சொல்லுங்க." அதுக்கப்புறம் வாய மூடிக்கிட்டேன். இது சுலபமா தோணும், செஞ்சு பாத்தாத்தான் தெரியும், ஏன்னா எப்படி நடக்கணும்ங்கறத விட்டுக் கொடுக்கறதுதான் கஷ்டமே.

இன்னொண்ணு, பணியாளர்களுக்கு வந்த வேலை என்ன? தண்ணி ரொப்பறது. ஆறு கல்தொட்டி, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு குடம் கொள்ளும்னு போட்டிருக்கு, இன்னைக்குக் கணக்குல ஒரு தொட்டிக்கே ஏறக்குறைய 80லருந்து 120 லிட்டர்னு சொல்றாங்க. கொழாய் இல்லாத காலத்துல அத்தனையும் யாரோ கையாலதான் சுமந்து கொட்டியிருக்கணும், விளிம்பு வரைக்கும். இரசம் வேணும்னு கேட்ட எடத்துல தண்ணி தூக்கச் சொன்னா எவ்ளோ சம்பந்தமில்லாம இருக்கும். என் விஷயத்துல அந்தத் தண்ணி எதுன்னா, ஞானஸ்நான சர்டிபிகேட், உறுதிபூசுதல் சர்டிபிகேட், கல்யாணம் ஆகலங்கறதுக்கு பங்குத்தந்தை தர்ற லெட்டர் (முதல் ரெண்டும், தடையில்லாத நெலமைக்கான சான்றும் 645ஆம் விதிப்படி கட்டாயம்), டாக்டர்கிட்ட ஒழுங்கா போய் ஆஸ்துமாவ கன்ட்ரோல்ல வெச்சுக்கறது, மாசம் ஒரு தடவ ஆன்ம வழிகாட்டிய பாக்கறது. இதுல எதுவுமே ஜெபம் மாதிரி இருக்காது.

இப்ப ஜெபமாலை பத்தி. நம்மாளுங்க வெளிய சொல்லிக்க வெட்கப்படற விஷயம் ஒண்ணு இருக்கு, ஜெபமாலை சொன்னா பராக்கு வரும். எனக்கு மூணாவது மணிலயே ஆபீஸ் மெயில் ஞாபகம் வந்துடும். பிரான்ஸ் நாட்டுப் புனிதை குழந்தை இயேசுவின் தெரேசா, அவங்களே, தனியா ஜெபமாலை சொல்றது, உடம்ப வருத்திக்கற தவக்கருவி போட்டுக்கறத விட எனக்குக் கஷ்டமா இருக்குன்னு எழுதி வெச்சிருக்காங்க. மாதாவ அவ்ளோ நேசிக்கறவளுக்கு மாதாவோட ஜெபத்துல மனசு நிக்கலயேன்னு ரொம்ப நாள் வருத்தப்பட்டு, கடைசில, அவங்க என் அம்மா, என் நல்ல மனச பாக்கறாங்க, அது போதும்னு விட்டுட்டாங்க. பதினாலு வயசுல ரோமுக்குப் போய் 1887 நவம்பர்ல பாப்பரசர் 13ஆம் லியோ காலடில முழங்கால்ல நின்னு, 15 வயசுல கார்மெல் மடத்துல சேர அனுமதி கேட்ட பொண்ணு அது. கெடச்ச பதில் கடவுள் விரும்பினா நுழைவீங்கங்கற மாதிரிதான். அழுதுட்டேதான் திரும்பினாங்க. 1888 ஏப்ரல் 9ல உள்ள போயிட்டாங்க. அந்த வைராக்கியம் இருந்தவங்களுக்கே மணி உருட்டறது கஷ்டமா இருந்திருக்குன்னா எனக்கு இருக்காதா?

அதனால நான் செஞ்சது, இது ரூல் இல்ல, எனக்கு ஒத்து வந்தது. அஞ்சு பத்தையும் (பத்து தடவ மங்கள வார்த்தை, அதாவது "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொன்னா ஒரு பத்து) ஒரே மூச்சுல சொல்லி முடிக்கணும்ங்கறத விட்டேன். காலைல பஸ்ல ரெண்டு, மதியம் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, ராத்திரி ரெண்டு. ஒவ்வொரு பத்துக்கும் முன்னாடி ஒரு ஆள நெனச்சுக்குவேன், எனக்குப் பிடிக்காத மேனேஜரும் அதுல உண்டு. தூங்கிட்டா தூங்கிட்டேன், மறுநாள் விட்டதுக்கு வட்டி போட்டு டபுளா சொல்ல மாட்டேன், ஏன்னா அப்படி ஆரம்பிச்சா ஒரு வாரத்துல கடன் ஏறி மொத்தமா விட்டுடுவோம். மனசே இல்லாத நாள்ல ஒரு பத்து மட்டும். ஆனா அந்த ஒண்ணு கட்டாயம். உணர்ச்சி வந்தா சொல்லுவேன்னு இருந்திருந்தா நான் மொத்தமா எத்தன ஜெபமாலை சொல்லியிருப்பேன்னு நெனச்சா சிரிப்பு வருது.

நவநாள் வேண்டாமான்னு கேப்பாங்க. வேணும், நல்லதுதான். 54 நாள் ஜெபமாலை நவநாள் இருக்கு, 1884ல நேப்பிள்ஸ்ல நோயா கெடந்த ஒரு பொண்ணு விஷயத்துல ஆரம்பிச்சதுன்னு சொல்லுவாங்க. 27 நாள் மன்றாட்டு, அடுத்த 27 நாள் நன்றி. அதுல எனக்குப் பிடிச்சதே ரெண்டாவது பாதிதான், கேட்டது கெடச்சாலும் கெடைக்கலன்னாலும் 28ஆம் நாள்லருந்து நன்றி சொல்ல ஆரம்பிச்சுடணும். நம்பிக்கைய வாயால பேசறத விட இது நல்ல பயிற்சி. ஆனா "54ஆம் நாள் லெட்டர் வரலன்னா எனக்கு அழைத்தல் இல்ல"ன்னு யாராவது சொன்னா எனக்கு சுருக்குன்னு இருக்கும். மாதாவுக்கு டெட்லைன் குடுத்துட்டு அத விசுவாசம்னு சொல்லிக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அழைத்தல் இருக்கா இல்லையாங்கறத ஜெபிக்கறவங்க மட்டும் தனியா உக்காந்து முடிவு பண்றது இல்ல, சபையும் சேந்துதான் கண்டுபிடிக்கணும், அதுக்குத்தான் இத்தன வருஷ உருவாக்கப் பயிற்சியே.

அடையாளம் வேணும்னு நிக்கறவங்களுக்கு நான் கத்தரின் லபோரே கதைய சொல்லுவேன். மாதா உருவம் போட்ட அற்புதப் பதக்கம் வந்தது அவங்க மூலமாத்தான், எல்லாருக்கும் அந்தக் காட்சி தெரியும், அதுக்கு முன்னாடி நடந்தது தெரியாது. 1806ல பொறந்தவங்க, ஒம்பது வயசுல அம்மா செத்துட்டாங்க, மாதா சுரூபத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இனிமே நீங்கதான் எனக்கு அம்மான்னு சொன்ன கொழந்த அது. மடத்துக்குப் போறேன்னதும் அப்பா முடியாதுன்னுட்டாரு, மனசு மாறட்டும்னு பாரீஸ்ல அண்ணன் நடத்தின சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிட்டாரு. அங்க தொழிலாளிங்களுக்குப் பரிமாறிட்டு இருந்தாங்க. 1830லதான் பிறரன்புப் புதல்வியர் சபைல சேர முடிஞ்சுது. மாதா காட்சி குடுத்தது அதுக்கப்புறம், அதே வருஷம் ஜூலைலயும் நவம்பர்லயும். அதாவது உள்ள வர்றதுக்கு மாதாவோட காட்சி உதவல, எச்சத் தட்டு எடுக்கும்போது காட்சி எதுவும் இல்ல. (அதுக்கு முன்னாடி ஒரு வயசான குருவ கனவுல பாத்தாங்க, அவர் புனித வின்சென்ட் தே பவுல்னு பின்னாடி படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுது, அது வேற.) காட்சி கெடச்ச பிறகும் நாப்பது வருஷத்துக்கு மேல யார்கிட்டயும் காட்டிக்காம வயசானவங்க இல்லத்துல வேல செஞ்சுட்டு 1876ல போய்ச் சேந்தாங்க.

வீட்டு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா பெரும்பாலானவங்க மாட்டிக்கற எடம் அதுதான். அப்பா எங்கிட்ட பேசறத நிறுத்தினாரு. அம்மா பேசுவாங்க, ஆனா பேச்சுக்கு நடுவுல அழுதுடுவாங்க. "நாங்க என்ன கொற வெச்சோம்"ங்கற கேள்விக்கு எந்த வேத வசனமும் பதில் ஆகாது. நான் துயர மறைபொருள்லதான் ஆறுதல் இருக்கும்னு தேடிட்டு இருந்தேன், கெடச்சது மகிழ்ச்சி மறைபொருள்ல, அஞ்சாவதுல. பன்னெண்டு வயசு மகனக் காணாம மூணு நாள் தேடிக் கண்டுபிடிச்சா, அவர் "என் தந்தையின் அலுவல்ல இருக்கணும்னு தெரியாதா"ங்கறாரு. அவங்களுக்குப் புரியலன்னு லூக்கா பட்டுனு எழுதிட்டாரு. மாதாவுக்கே புரியல! அப்ப மகன் கடவுள் வேலைன்னு சொல்லிட்டுப் போனா ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க அவங்க. அதுலருந்து நான் மாதாவ என் பக்கம் வக்கீலா நிறுத்தறத விட்டுட்டு, "எங்க அம்மா பக்கத்துல போய் உக்காருங்க, இது உங்களுக்குத்தான் தெரியும்"னு கேக்க ஆரம்பிச்சேன். இந்த ஒரு ஜெபத்த யாருக்கு வேணாலும் தைரியமா சிபாரிசு பண்ணுவேன். அது வீட்டுல நான் பேசற தொனியவே மாத்திடுச்சு, அம்மா அழுதா வாதம் பண்ணாம கூட உக்காந்தேன்.

அப்பா மாறினாரான்னா, பாதி. லக்கேஜ் தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போனாரு, ஆசி குடுத்தாரு, இன்னமும் முழுசா சந்தோஷம்னு சொல்ல முடியாது. புனித ஞானப்பிரகாசியாரும் (அலோசியஸ் கொன்சாகா) 1583 ஆகஸ்ட் 15, விண்ணேற்பு திருநாளன்னைக்கு, மாட்ரிட்ல மாதா படத்துக்கு முன்னாடி ஜெபிக்கும்போதுதான் இயேசு சபைல சேரணும்னு முடிவு பண்ணாரு. அவரோட அப்பா விட்டுக் குடுக்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, 1585 நவம்பர்லதான் ரோம்ல நவசந்நியாசத்துக்குள்ள போனாரு. மாதா முன்னாடி எடுத்த முடிவுதான, மறுநாளே வழி தொறந்துடல. ஆனா அவர் நடுவுல வீட்ட விட்டு ஓடிப் போகவும் இல்ல.

ரெண்டாவதா நான் போன சபைல என் ஆஸ்துமாவ முதல் சந்திப்புலயே சொன்னேன், முதல் எடத்துல வேண்டாம்னு சொன்னதையும் சேத்துச் சொன்னேன். மறைச்சு உள்ள போறதுங்கற யோசனை யாருக்காவது வந்தா தயவுசெஞ்சு வேண்டாம். ஏமாத்தியோ பயமுறுத்தியோ சேத்தா அந்த சேர்க்கையே செல்லாதுன்னு 643ஆம் விதில இருக்கு, அது போக, கூட வாழப்போற சிஸ்டர்ஸ்கிட்ட பொய்யோட ஆரம்பிக்கறதுக்கு மாதாகிட்ட எப்படி உதவி கேப்பீங்க? கால அளவையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, பதட்டம் குறையும். நவசந்நியாசம் குறைஞ்சது 12 மாசம், ரெண்டு வருஷத்துக்கு மேல போகாது, சந்தேகம் இருந்தா மேலதிகாரி ஆறு மாசம் வரைக்கும் நீட்டலாம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு மூணுலருந்து ஆறு வருஷம், தேவைப்பட்டா மொத்தம் ஒம்பது வரைக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயசாவது ஆகியிருக்கணும். வெளிய வராம உள்ளயே ஜெபிச்சு வாழற அடைபட்ட மடங்கள்ல இன்னும் நீளம், 2018ல வந்த விதிப்படி ஆரம்ப உருவாக்கமே ஒம்பதுலருந்து பன்னெண்டு வருஷம். இவ்ளோ நேரம் குடுக்கறது உங்கள இழுத்தடிக்க இல்ல, நவகன்னியா இருக்கும்போது எந்த நிமிஷமும் நீங்க எழுந்து வெளிய போகலாம், அந்த சுதந்திரமும் சட்டத்துலயே இருக்கு.

நவசந்நியாசத்துல எனக்கு ஒரு கெட்ட காலம் வந்துச்சு. ஆறேழு வாரம் இருக்கும். கடவுள் என்னக் கூப்பிடவே இல்ல, வீட்டுல வந்த சலிப்புல ஓடி வந்திருக்கேன், எல்லாம் என் கற்பனைன்னு ஒரே எண்ணம். சாப்பாடு இறங்கல. நவகன்னியர் பொறுப்பாளர்கிட்ட சொன்னேன், அவங்க இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியாரோட விதிய ஞாபகப்படுத்தினாங்க. மனசு வறண்டு இருட்டா இருக்கும்போது முன்னாடி தெளிவா எடுத்த முடிவ மாத்தாத. போறதுன்னா வெளிச்சமா இருக்கற நாள்ல முடிவு பண்ணிட்டுப் போ, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்னாங்க. டிக்கெட் எடுத்துத் தர்றேன்னு சொன்னதும் பாதி பாரம் எறங்கிடுச்சு, அது ஏன்னு இன்னைக்கும் தெளிவா சொல்லத் தெரியல. மீதிக்கு அவங்க குடுத்த மருந்து "மிகவும் இரக்கமுள்ள தாயே" ஜெபம், மனசு வந்தாலும் வராட்டியும். புனித பிரான்சிஸ் சலேசியார் பாரீஸ்ல படிச்சுட்டு இருந்தப்ப, இருபது வயசு கூட ஆகல, தான் நரகத்துக்குத்தான் போவோம்னு ஒரு எண்ணம் புடிச்சு வாரக்கணக்குல வாட்டி எடுத்துச்சு, ஒரு கோவில்ல மாதா சுரூபத்துக்கு முன்னாடி இதே ஜெபத்தச் சொன்னப்பதான் அது விட்டுதுன்னு அவங்க சொன்னாங்க. எனக்கு அவர் மாதிரி டக்குன்னு விடல. மெல்ல மெல்லக் கொறஞ்சுது, என்னைக்குப் போச்சுன்னு சொல்லத் தெரியாது. தூக்கமும் சாப்பாடும் ரொம்ப நாளா கெட்டிருந்தா டாக்டர்கிட்டயும் போங்க, மாதா கோச்சுக்க மாட்டாங்க.

எங்கூட நவசந்நியாசத்துல இருந்த ஒருத்தி நடுவுல வீட்டுக்குப் போயிட்டா. எங்கள விட நல்லா ஜெபிப்பா, ஜெபமாலை எங்களுக்கு வாய்னா அவளுக்கு மூச்சு. போனப்புறம் சொந்தக்காரங்க "மாதா கைவிட்டுட்டாங்க"ங்கற மாதிரி பேசிருக்காங்க, அது எனக்கு ரொம்ப வலிச்சுது. தெரேசாவோட அக்கா லெயோனிய எத்தன பேருக்குத் தெரியும்? அஞ்சு அக்கா தங்கச்சியும் கன்னியர் ஆனாங்கன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயிடறோம். லெயோனி 1886ல கிளாரா சபைல சேந்து ரெண்டு மாசத்துல வெளிய வந்தாங்க. 1887ல பிரான்ஸ்ல கான் (Caen) நகரத்துல மினவுதல் சபை (விசிட்டேஷன் கன்னியர்) மடத்துக்குப் போய் அதுவும் நிக்கல. 1893ல மறுபடி அதே மடம், ரெண்டு வருஷம் இருந்துட்டு மறுபடி வெளிய. 1899 ஜனவரில, 35 வயசுல நாலாவது தடவையா உள்ள போனவங்க, 1941ல சாகற வரைக்கும் அங்கயே இருந்தாங்க. இப்ப அவங்களுக்குப் புனிதர் பட்ட முயற்சி நடக்குது. அவங்க அம்மா செலி கதை இன்னொரு மாதிரி. செலியும் பொண்ணா இருந்தப்ப மடத்துல கேட்டாங்க, வேண்டாம்னுட்டாங்க. அப்பா லூயியயும் லத்தீன் தெரியலன்னு மடத்துல திருப்பி அனுப்பினாங்க. ரெண்டு பேரும் 1858ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 2015ல திருச்சபை ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் புனிதர் பட்டம் குடுத்துச்சு. ஒரே வீட்டுல அம்மாவுக்கு வந்த "வேண்டாம்" கடைசி வரைக்கும் வேண்டாம்தான், மகளுக்கு வந்தது "இப்ப வேண்டாம்". வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். அதனால போனவள பத்தி நான் எதுவும் சொல்றதில்ல, அவளும் நானும் சனிக்கிழம போன்ல பேசிக்குவோம், ஒரு பத்து சேந்து சொல்லிட்டு வெச்சுடுவோம்.

இப்ப எனக்கு அடுத்தது நித்திய வார்த்தைப்பாட்டுக்கு விண்ணப்பம் எழுதணும். நான் எழுதிக் குடுப்பேன், ஆலோசனைக் குழு உக்காந்து பேசும், சரின்னும் சொல்லலாம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னும் சொல்லலாம். லெட்டர் இன்னும் டிராஃப்ட்லதான் கெடக்கு, முதல் பாராவ மூணு மாதிரி எழுதிட்டு அழிச்சுட்டேன். இந்த வாரத்துக்குள்ள முடிச்சு மதர்கிட்ட குடுத்துடணும், படிக்கறவங்க எனக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்க.